சிவப்புப் பட்டைக்கு முன்னால் நிற்கும் கூலிக் கணக்கு

கேள்வி: ஐயா, வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மெயின் யூனிட் போக இன்னும் ஐந்து யூனிட்கள் இருக்கின்றன. பீஸ் ரேட்டில் தைப்பவர்கள், ஷிப்ட் கணக்கில் வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் சனிக்கிழமை கூலி. இங்கே முன்பு வேலை பார்த்த ஓர் அண்ணன், மேக்ரோ (எக்செல்லுக்குள்ளேயே ஓடும் சின்ன புரோகிராம்) எழுதி ஒரு எக்செல் ஃபைல் செய்து கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அந்த ஃபைலை வாட்ஸ்அப் வெப்பில் எல்லா யூனிட்டுக்கும் அனுப்புவேன். அவர்கள் பீஸ் எண்ணிக்கையை நிரப்பி, பட்டனை அழுத்தி, கூலிச் சீட்டு எடுத்துக்கொண்டு ஃபைலைத் திருப்பி அனுப்புவார்கள். புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கியதிலிருந்து எல்லாம் குழப்பம். மூன்று யூனிட்டில் சிவப்பாக ஒரு பட்டை வந்து மேக்ரோ நின்றுவிடுகிறது. பென்டிரைவில் கொண்டுபோகும் யூனிட்டில் மட்டும் ஓடுகிறது. இன்னொரு யூனிட்டில் சிவப்புப் பட்டையைத் தாண்டினாலும் 'கம்பைல் எரர்' என்கிறது. ஆடிட்டர் ஆபீசில் மேக்ரோவே ஓடாது என்கிறார்கள். என் கம்ப்யூட்டரில் ஒரு பிரச்சினையும் இல்லை. தெரிந்த ஒருவர், 'செட்டிங்கில் எல்லா மேக்ரோவையும் எனேபிள் பண்ணிடுங்க, சரியாப் போயிடும்' என்கிறார். செய்யலாமா? ஃபைலில் வைரஸ் ஏதாவது இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கும்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் அந்த 'எல்லாவற்றையும் எனேபிள் பண்ணு' யோசனையை ஒதுக்கி வையுங்கள். யாராவது ஏற்கெனவே எந்த யூனிட்டிலாவது அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் ஃபைலில் வைரஸ் இருப்பதாக அந்தச் சிவப்புப் பட்டை சொல்லவில்லை. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. எந்த வழியாக வந்தது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. இதைப் புரிந்துகொண்டால் நீங்கள் எழுதியிருக்கும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

வாட்ஸ்அப் வெப்பிலோ ஜிமெயிலிலோ ஒரு ஃபைலை இறக்கும்போது, கம்ப்யூட்டர் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்துகிறது. 'இது இன்டர்நெட்டிலிருந்து வந்தது' என்பதுதான் அந்த முத்திரை. ஃபைலின் உள்ளே எதையும் மாற்றாமல், கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குறிப்பு அது. எக்செல் திறக்கும்போது முதலில் இந்த முத்திரையைத் தேடும். இருந்தால், மேக்ரோவை ஓட விடாது. முன்பெல்லாம் இப்படி வந்த ஃபைலுக்கும் மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கன்டென்ட்' என்று ஒரு பட்டன் வரும், அதை அழுத்தினால் வேலை முடிந்தது. 2022 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் இதை மாற்றப்போவதாக அறிவித்தது. இடையில் ஜூலை மாதம் ஒருமுறை நிறுத்தி வைத்து, சில நாட்களிலேயே மறுபடி தொடங்கினார்கள். அதன் பிறகு வந்த எக்செல்லில், இன்டர்நெட் முத்திரையுள்ள ஃபைல் என்றால் சிவப்புப் பட்டைதான். அதில் 'லேர்ன் மோர்' என்ற பட்டன் மட்டும் இருக்கும், அனுமதி கொடுக்கிற பட்டன் இருக்காது.

உங்கள் கம்ப்யூட்டரில் ஏன் ஓடுகிறது? ஃபைல் அங்கேயே இருக்கிறது, எங்கிருந்தும் இறங்கி வரவில்லை. அதனால் முத்திரை இல்லை. பென்டிரைவில் போகிற யூனிட்டில் ஏன் ஓடுகிறது? கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அமைக்கப்பட்டவை. முத்திரையைச் சுமக்கும் வசதி அவற்றில் கிடையாது. முத்திரை உள்ள ஃபைலை அதில் காப்பி செய்தால்கூட, வழியிலேயே முத்திரை உதிர்ந்துவிடும். பென்டிரைவ் யூனிட்டில் ஓடுகிறது என்பதால் அது பாதுகாப்பான வழி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பென்டிரைவ் எந்தெந்த கம்ப்யூட்டரில் சொருகப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கத் தோன்றும். மேக்ரோ என்பது வெறும் கூட்டல் பெருக்கல் அல்ல. உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் செய்யக்கூடிய எதையும் அதுவும் செய்யும். ஃபைலை அழிக்கும், மெயில் அனுப்பும், வேறு புரோகிராமை இறக்கி ஓட்டும். 1999 மார்ச்சில் 'மெலிஸா' என்று ஒரு வேர்டு மேக்ரோ வைரஸ் கிளம்பியது. ஃபைலைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தானாகவே தன்னை அனுப்பிக்கொண்டது. பெரிய பெரிய கம்பெனிகளே மெயில் சர்வரை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் பல வருடங்கள், 'இன்வாய்ஸ்', 'கொட்டேஷன்', 'பேமென்ட் அட்வைஸ்' என்று பெயர் வைத்த ஃபைல்களுக்குள் மேக்ரோவை ஒளித்து அனுப்புவது திருடர்களுக்கு மிகச் சுலபமான வழிகளில் ஒன்றாக இருந்தது. அந்த மஞ்சள் பட்டையை நாம் எல்லோரும் பழக்கத்தில் அழுத்தி அழுத்தித்தான் அது நடந்தது.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கோவையில் ஓர் அலுவலகம். மாதக் கடைசி அவசரத்தில் நான்கு கம்ப்யூட்டர்களில் 'எல்லா மேக்ரோவையும் இயக்கு' என்று வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் திரும்ப மாற்ற யாருக்கும் நினைவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு கொட்டேஷன் மெயில். திறந்த பெண்ணுக்கு எந்தப் பட்டையும் வரவில்லை, எந்தக் கேள்வியும் வரவில்லை. மறுநாள் காலையில் சர்வரில் இருந்த எல்லா ஃபைலும் பூட்டிக் கிடந்தன. பேக்கப் டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டரில் சொருகியே இருந்ததால் அதுவும் போயிற்று. பில் புத்தகங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று மாத வவுச்சர்களை மறுபடி தட்டினார்கள். அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, ஆனால் அவர் அழுததை நான் பார்த்தேன். உங்களிடம் ஆறு யூனிட் ஆட்களின் கூலிக் கணக்கு இருக்கிறது, அவர்களுடைய வங்கிக் கணக்கு எண்களும் இருக்கலாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இந்தச் சனிக்கிழமைக்கு என்ன செய்வது?

இந்த வாரத்துக்கு மட்டும் ஓர் அவசர வழி. ஃபைல் இறங்கியதும் அதைத் திறக்க வேண்டாம். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போங்கள். 'ஜெனரல்' பக்கத்தில் கடைசியில், இந்த ஃபைல் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று இரண்டு வரி இருக்கும். பக்கத்திலேயே 'அன்பிளாக்' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் போட்டு ஓகே கொடுத்தால் முத்திரை போய்விடும். அப்புறம் திறந்தால் வழக்கமான மஞ்சள் பட்டை வரும். ஆனால் யூனிட் ஆட்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: 'நான் போன் பண்ணி, அனுப்பியிருக்கிறேன் என்று சொன்ன ஃபைலுக்கு மட்டும்தான் இப்படிச் செய்ய வேண்டும்.' வாட்ஸ்அப்பில் உங்கள் பெயரில் வந்தது என்பது மட்டும் போதாது. போனில் உங்கள் குரலைக் கேட்டிருக்க வேண்டும்.

வாராவாரம் இதையே செய்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? ஐந்து யூனிட்டிலும் உள்ளவர்களுக்கு 'அன்பிளாக்' அழுத்துவது கைப்பழக்கமாகிவிடும். மஞ்சள் பட்டையில் நடந்த அதே கதை மறுபடியும் தொடங்கும். அதனால்தான் இதை ஒரு வாரத்துக்கு என்று சொன்னேன்.

நிரந்தர வழியை யோசிக்க, உங்கள் வேலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வாராவாரம் யூனிட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் உண்மையில் மாறுவது எது? யார், எந்த வேலை, எத்தனை பீஸ், எத்தனை ஷிப்ட். இவ்வளவுதான். ஓவர்லாக் ரேட், ஒன்றரை ஷிப்ட் கணக்கு, அட்வான்ஸ் பிடித்தம், சீட்டு அச்சடிக்கும் பட்டன் இதெல்லாம் மாதக்கணக்கில் மாறுவதே இல்லை. மாறாத மேக்ரோவையும் மாறுகிற எண்ணிக்கையையும் ஒரே ஃபைலில் கட்டி வைத்து, ஒவ்வொரு வாரமும் அதை ஊர்வலம் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பாதுகாப்பு வளையம் ஒவ்வொரு முறையும் அந்த மேக்ரோவைத்தான் பிடித்து நிறுத்துகிறது. எண்ணிக்கை மட்டும் போய் வந்தால் போதும். மேக்ரோ அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

இதை இப்படிச் செய்யுங்கள். யூனிட்டுகளுக்கு மேக்ரோ இல்லாத சாதாரண எக்செல் ஃபைல் ஒன்று தயார் செய்யுங்கள். சேமிக்கும்போது ஃபைல் பெயரின் கடைசியில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடியும் வகை. அந்த வகை ஃபைலுக்குள் மேக்ரோ இருக்கவே முடியாது. அதனால் வாட்ஸ்அப்பில் போனாலும் மெயிலில் போனாலும் சிவப்புப் பட்டை வராது. அதிகபட்சம் 'எனேபிள் எடிட்டிங்' என்று மஞ்சளாக ஒன்று கேட்கும். அது நிரப்புவதற்கான அனுமதி மட்டும்தான், மேக்ரோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஃபைலில் ஒரே ஒரு அட்டவணை: தேதி, ஆள் நம்பர், பெயர், வேலை, பீஸ், ஷிப்ட். தலைப்பு வரியை எந்த யூனிட்டும் மாற்றக் கூடாது, நடுவில் செல்களை மெர்ஜ் செய்யக் கூடாது, இடையில் 'மொத்தம்' என்று வரி போடக் கூடாது. இந்த மூன்றையும் மீறினால் பின்னால் உங்கள் பாடுதான் திண்டாட்டம்.

வேலைப் பெயரை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதிவிடுவார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருவர் 'ஓவர்லாக்' என்பார், இன்னொருவர் 'ஓ.லாக்' என்பார், 'பவர் டேபிள்' என்பதை ஒருவர் 'ப.டேபிள்' என்று சுருக்குவார். அதற்குத்தான் 'டேட்டா வேலிடேஷன்' இருக்கிறது. அந்தக் கட்டத்தில் பட்டியல் விரியும், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர வேறு எதையும் தட்ட முடியாது. ஆள் நம்பரைப் போட்டால் பெயர் வருவதற்கு 'வி-லுக்அப்' என்ற சூத்திரம் ஒன்று போதும். யூனிட்டிலேயே கூலித் தொகையைப் பார்க்க வேண்டும் என்றால், ரேட் பட்டியலை இன்னொரு ஷீட்டில் வைத்து, பீஸோடு பெருக்கும் சூத்திரம் போதும். இது எதற்கும் மேக்ரோ தேவையில்லை. அண்ணன் எழுதியது நல்ல ஃபைல்தான், சந்தேகமில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஃபைல்களில் மேக்ரோ செய்யும் வேலையில் பெரும்பகுதி சூத்திரத்தாலேயே முடிந்துவிடும் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து யூனிட்டிலிருந்தும் ஃபைல் வந்ததும், உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். எக்செல்லில் 'டேட்டா' பக்கத்தில் 'கெட் டேட்டா', அதில் 'ஃப்ரம் ஃபைல்', அதில் 'ஃப்ரம் ஃபோல்டர்' என்று ஒரு வசதி இருக்கிறது. பவர் குவெரி என்பார்கள். 2016 எக்செல் முதல் இது உள்ளேயே வருகிறது. ஒரு தடவை அமைத்துவிட்டால், அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைலையும் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்த்து ஒரே அட்டவணையாகக் கொடுத்துவிடும். அடுத்த வாரம் பழைய ஃபைல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டு 'ரெஃப்ரெஷ்' கொடுத்தால் போதும். எந்த வரி எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று ஒரு பத்தியும் சேர்த்துக் கொடுக்கும். 'எங்க யூனிட் கணக்குல இந்த ஆள் விட்டுப்போச்சு' என்று போன் வரும்போது அந்தப் பத்தி கை கொடுக்கும்.

கூலிச் சீட்டை மட்டும் யூனிட்டிலேயே பட்டனை அழுத்தி எடுத்தாக வேண்டும், சூத்திரத்தால் முடியாது என்றால், மேக்ரோ ஃபைலை ஒவ்வொரு யூனிட்டிலும் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். சி டிரைவில் 'கூலிக் கணக்கு' என்று தனி ஃபோல்டர். நீங்களோ உங்கள் சிஸ்டம் ஆளோ நேரில் போய் ஒரு தடவை ஃபைலை அதில் வைக்க வேண்டும். பிறகு எக்செல்லில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'டிரஸ்ட் சென்டர்', 'டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ்', 'டிரஸ்டட் லொகேஷன்ஸ்' என்று போய் அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள். நம்பிக்கையான இடம் என்று சொல்லப்பட்ட ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை எக்செல் கேள்வி கேட்காமல் ஓட்டும். வாராவாரம் வருகிற சாதாரண ஃபைலை இந்த மேக்ரோ திறந்து படித்துக்கொள்ளும்.

கேள்வி கேட்காமல் ஓட்டும் என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரையோ டெஸ்க்டாப்பையோ நம்பிக்கையான இடமாகச் சேர்த்தால், எல்லாவற்றையும் எனேபிள் செய்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மொத்த சி டிரைவையும் சேர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தனி ஃபோல்டரில் கூலி ஃபைலைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது, உள்ளே யாரும் இறக்கி வைக்கக் கூடாது.

மெயின் யூனிட்டிலேயே இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் சேர்ந்து ஒரே ஃபோல்டரைப் பார்க்கின்றன என்றால் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபோல்டரை கம்ப்யூட்டரின் பெயரைப் போட்டுத் திறந்தால், எக்செல் அதை உள் நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்ளும். 192.168 என்று தொடங்கும் எண்ணைப் போட்டுத் திறந்தால் அதே ஃபோல்டரை இன்டர்நெட் என்று நினைத்து மேக்ரோவைத் தடுத்துவிடும். ஒரே ஃபைல், ஒரு மேசையில் ஓடி அடுத்த மேசையில் ஓடாமல் நிற்பதற்கு இது அடிக்கடி காரணமாக இருக்கிறது. ஷார்ட்கட்டை எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வைத்து மறுபடி உருவாக்கிப் பாருங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து என்று ஒரு வழியும் உண்டு. மேக்ரோவுக்கு ஒரு சான்றிதழால் கையெழுத்திட்டு, யூனிட் கம்ப்யூட்டர்களில் அந்தச் சான்றிதழை நம்பத்தகுந்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டால், ஃபைல் எந்த வழியாக வந்தாலும் ஓடும். ஒருவர் மேக்ரோவுக்குள் ஒரு வரியை மாற்றிச் சேமித்தாலும் கையெழுத்து உடைந்துவிடும் என்பது இதன் பெரிய பலம். ஆபீஸ் மென்பொருளோடு வரும் 'செல்ஃப்செர்ட்' என்ற சின்ன புரோகிராமில் இலவசமாகவே ஒரு சான்றிதழ் செய்யலாம். ஆனால் அதைச் செய்த கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதுவும் அதை நம்பாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கையால் ஏற்ற வேண்டும். உங்கள் சொந்த யூனிட்டுகளுக்குச் சரி, வெளி ஆட்களிடம் 'இதை ஏற்றிக்கொள்ளுங்கள்' என்று கேட்கக் கூடாது. ஜிஎஸ்டி தாக்கல் செய்ய முதலாளியிடம் இருக்கும் டிஎஸ்சி டோக்கனை வைத்து மேக்ரோவுக்குக் கையெழுத்துப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது ஆவணத்தில் கையெழுத்திடுவதற்கு. மேக்ரோவுக்கு வேண்டியது 'கோட் சைனிங்' என்ற வேறு வகை, அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆறு யூனிட் கூலிக் கணக்குக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

இனி அந்தக் 'கம்பைல் எரர்' யூனிட். அங்கே நடப்பது பாதுகாப்புத் தடையே அல்ல. சிவப்புப் பட்டையைத் தாண்டிய பிறகுதான் இது வெளியே தெரிந்திருக்கிறது. எக்செல் அடங்கிய ஆபீஸ் மென்பொருள் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையாக வரும். பழைய கம்ப்யூட்டர்களில் இருந்தது 32 பிட் ஆபீஸாக இருக்கும். 2019 பதிப்பிலிருந்து ஆபீஸ் தானாகவே 64 பிட்டாக ஏறுகிறது. எரர் செய்தியில் 64 பிட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மேக்ரோவின் மேற்பகுதியில் 'டிக்ளேர்' என்று தொடங்கும் வரிகள்தான் காரணம். அந்தச் சொல்லுக்கு அடுத்து 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், சில இடங்களில் 'லாங்' என்பதை 'லாங்பிடிஆர்' ஆக்க வேண்டும். மேக்ரோ தெரிந்தவருக்கு இது அரை மணி வேலை.

செய்தியில் 64 பிட் என்று இல்லாவிட்டால், மேக்ரோ எடிட்டரில் 'டூல்ஸ்', 'ரெஃபரன்சஸ்' திறந்து பாருங்கள். பட்டியலில் ஏதாவது ஒரு வரிக்கு முன்னால் 'மிஸ்ஸிங்' என்று இருக்கும். தேதி தேர்ந்தெடுக்க ஒரு சின்னக் காலண்டர் வைத்திருந்தால் பெரும்பாலும் அதுதான். அந்தப் பழைய காலண்டர் 64 பிட்டில் வேலை செய்யாது. அதைத் தூக்கிவிட்டு, தேதியை நேராகக் கட்டத்தில் போடச் சொல்லுங்கள். கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளி விசையை அழுத்தினால் அன்றைய தேதி தானாக விழும். யூனிட்டில் ஒரு தடவை காட்டினால் போதும், அப்புறம் காலண்டரை யாரும் கேட்க மாட்டார்கள்.

மேக்ரோ தெரிந்த அதே ஆளிடம் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மேக்ரோவில் எங்காவது 'சி டிரைவ், யூசர்ஸ்' என்று தொடங்கி அந்த அண்ணனின் பெயரோடு ஒரு முகவரி எழுதப்பட்டிருக்கலாம். அவர் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டர் யூனிட்டில் எப்படி இருக்கும்? 1004 என்று எரர் வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். மேக்ரோ ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதையே முகவரியாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டால், எந்த யூனிட்டுக்குப் போனாலும் பிரச்சினை இல்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கை வைக்கும்போது யாராவது மேக்ரோவுக்குள் தமிழில் செய்தி எழுதப் பார்ப்பார்கள். எடிட்டரில் தமிழைத் தட்டினால் எல்லாம் கேள்விக்குறியாகத்தான் விழும். அந்த எடிட்டர் யூனிகோடு காலத்துக்கு முந்தைய முறையிலேயே இருக்கிறது, அந்த முறையில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. செய்திகளை ஒரு தனி ஷீட்டில் கட்டங்களில் தமிழில் எழுதி வையுங்கள். மேக்ரோ அங்கிருந்து எடுத்து இன்னொரு கட்டத்தில் காட்டினால் தமிழ் ஒழுங்காக வரும். யூனிட்டில் இங்கிலீஷ் தெரியாத மேஸ்திரி ஒருவர் இருந்தால்கூட இந்த மெனக்கெடலுக்கு அர்த்தம் உண்டு.

கடைசியாக, ஆடிட்டர் ஆபீஸ். அங்கே மேக்ரோவே ஓடாது என்றால் அது பெரும்பாலும் அவர்களே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து வைத்த கட்டுப்பாடு. அதை அங்கே வேலை பார்ப்பவரால் மாற்ற முடியாது. எத்தனையோ கம்பெனிகளின் கணக்கு அவர்களிடம் இருக்கிறது, அவர்கள் அப்படித்தான் வைக்க வேண்டும். அதைத் தாண்ட வழி தேடாதீர்கள். அவர்களுக்கு உங்கள் பட்டன் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது முடிந்த கணக்கு. கூலிப் பட்டியல் ஷீட்டை மட்டும் புதிய ஃபைலுக்குக் காப்பி செய்யுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'பேஸ்ட் ஸ்பெஷல்', 'வேல்யூஸ்' கொடுத்து, சூத்திரத்துக்குப் பதில் எண்ணாக மாற்றி, சாதாரண வகையில் சேமித்து அனுப்புங்கள். இந்த 'வேல்யூஸ்' வேலையை விட்டுவிடாதீர்கள். தொகையை எழுத்தில் மாற்றும் சூத்திரம் போல மேக்ரோவால் செய்தது ஏதாவது அந்த ஷீட்டில் இருந்தால், உங்களிடம் 'ரூபாய் நான்காயிரத்து இருநூறு' என்று தெரிவது அவர்களிடம் மறு கணக்குப் போட்டதும் 'நேம்' எரர் என்று மாறி நிற்கும். கூடவே ஒரு பிடிஎஃப்பும் அனுப்பிவிட்டால் பிறகு யாரும் எண்ணை மாற்றினார்களா என்ற பேச்சே வராது.

இத்தனையையும் ஒரே வாரத்தில் செய்ய நினைக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் உள்ள ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் இரண்டு வாரம் சேர்த்தே ஓட்டுங்கள். இரண்டிலும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரே தொகை வருகிறதா என்று பாருங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள், வார நடுவில் பீஸ் ரேட்டிலிருந்து ஷிப்டுக்கு மாறியவர்கள், அட்வான்ஸ் பாக்கி உள்ளவர்கள், இந்த மூன்று வகை ஆட்களின் வரிகளை மட்டும் கையாலும் போட்டுப் பாருங்கள். தப்பு வந்தால் அங்கேதான் வரும். அப்புறம் மற்ற யூனிட்டுகளுக்குப் போகலாம். பழைய ஃபைலின் ஒரு பிரதியை, கம்ப்யூட்டரில் சொருகி வைக்காத ஒரு டிஸ்க்கில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் யூனிட்டிலிருந்து ஃபைல் வந்துவிட வேண்டும் என்று முதலாளியிடம் பேசி ஒரு நேரம் வாங்குங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் வாசலில் நிற்கும்போது கம்ப்யூட்டரைச் சரி செய்யும் நிலைமை உங்களுக்கு வரக் கூடாது. எந்தக் கட்டத்தில் நின்றாலும், திரையில் வந்த செய்தியைப் போட்டோ எடுத்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். போட்டோவில் ஆட்களின் பெயரும் கணக்கு எண்ணும் தெரியாமல் மறைத்துவிடுங்கள்.